கைக்குப் பழகாத துவக்கு

புத்தளத்துக் கரையோர மக்களுக்குத் துவக்கு புதியதொன்றன்று. காட்டுப்பன்றியும் யானையும் பயிரை அழிக்கும் ஊர்களில் ஒற்றைக்குழல் துவக்கு வீட்டு மூலையில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் நின்ற காலத்தை முதியோர் அறிவர். அதனை நடுவே மடித்தால் குழலின் பின்வாய் திறந்துகொள்ளும். உள்ளே ரவை உண்டா, இல்லையா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். குழல் வழியே வானம் தெரிந்தால் துவக்கு வெறுமை. எழுத்தறியாத கமக்காரனுக்கும் இந்தப் பாடம் போதுமானதாயிருந்தது.

கைத்துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. இறால் பண்ணை வைத்திருக்கும் நண்பரொருவர், சில ஆண்டுகளுக்கு முன் தற்காப்புக்கென முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, தானே ரவையேற்றும் கைத்துப்பாக்கியொன்றை வாங்கினார். ஒருநாள் மாலை அவர் வீட்டு விறாந்தையில் அதனை எனக்குக் காட்டினார். பிடிக்குள்ளிருந்த ரவைக்கூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “இனி இது வெறும் இரும்பு, மாஸ்டர்” என்றார். பிறகு ஏதோ நினைவில் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். ரவையொன்று துள்ளி வந்து பாயில் விழுந்தது. இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

நண்பரை அறிவிலி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அவரை ஏமாற்றியது அப்பொறியின் அமைப்பே. ஒரு ரவை வெடித்ததும் அதன் உதைப்பே மேற்பகுதியைப் பின்னே தள்ளுகிறது. வெற்றுக் கோது வெளியே வீசப்படுகிறது. சுருள்வில் மேற்பகுதியை மீண்டும் முன்னே செலுத்தும்போது, கூட்டிலிருக்கும் அடுத்த ரவை குழலின் பின்வாய்க்குள் போய் அமர்ந்துவிடுகிறது. அமர்ந்தபின் அது கூட்டுக்குச் சொந்தமானதன்று. கூட்டைக் கழற்றினாலும் அது அங்கேயே இருக்கும். கூடு இல்லாதபோது சுட முடியாதபடி தடையமைத்த துப்பாக்கிகளும் உண்டு. ஆயின் எல்லாவற்றிலும் அத்தடை இல்லை. மடித்தால் உண்மை சொல்லும் துவக்கில் பழகிய கண், மூடிக்கிடக்கும் இவ்விரும்பைக் கண்டு தவறுவதில் வியப்பில்லை.

கழற்றாமல் வைத்திருப்போம் என்றாலோ, இக்கரையின் காற்று விடுவதில்லை. உப்பளமும் வாவியும் கடலும் சூழ்ந்த மண்ணில் சோளகம் வீசத் தொடங்கினால் கதவுக் கீலும் சைக்கிள் சங்கிலியும் படும் பாட்டை நாம் அறிவோம். அடிக்கடி பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டுப் பூட்டாத துப்பாக்கி துருவேறி வேண்டிய வேளையில் சதி செய்யும். பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் கூட்டை எடுத்து, அடுத்து மேற்பகுதியை இழுத்துக் குழல்வாயைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். அவ்வளவு நேரமும் குழல் மனிதர் இல்லாத பக்கம் நோக்க வேண்டும். ஐம்பதாவது முறைதான் ஆபத்தானது என்பேன். முதல் முறை அச்சம் காக்கிறது. ஐம்பதாவது முறைக்குள் கை பழகிவிடுகிறது, மனம் வேறெங்கோ போய்விடுகிறது.

கற்பிட்டிக் கரையில் நின்று மேற்கே நோக்கினால், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தூத்துக்குடி. அதற்குச் சற்று உள்ளே மணியாச்சிச் சந்திப்பு. 1911 யூன் 17 இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அங்கேதான். கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதற்குமுன் புதுச்சேரியில் அவருக்குச் சுடும் பயிற்சி அளித்தவர் வ. வே. சு. ஐயர் என்பர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று நாம் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே ஐயர்தாம்! அச்செயலின் நன்மை தீமையை ஆராய இங்கு நான் முனையவில்லை. உயிரையே பணயம் வைத்தவர்களுங்கூடக் கருவி கைக்கு வந்தது போதும் என்றிருக்கவில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

ஐயர் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த 1916 ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் சுடுகலன்கள் பற்றிய 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. புதுப்பிக்க வருபவர் தம் துப்பாக்கியை அதிகாரியின் முன் வெறுமையாக்கி, பிரித்து, மீண்டும் பூட்டிக் காட்டட்டும் என்பதே என் வேண்டுகோள். தடுமாறுகிறவருக்குப் பத்திரம் வேண்டாம். பணமும் செல்வாக்கும் உள்ளவர்க்கு இது அவமதிப்பாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

இப்படிக் கேட்க இந்த ஊருக்கு உரிமையுண்டு. 1976 பெப்ரவரியில் புத்தளம் பெரிய பள்ளிவாசலுள் பொலிசாரின் துவக்குக்கு ஏழுபேர் பலியானார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் துவக்குமுனையில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை இக்கரையில்தான் வந்து ஒதுங்கின. நண்பரின் அயல்வீட்டு மூதாட்டியும் அவ்வாறு மன்னாரிலிருந்து வந்தவர். விறாந்தையில் மேற்பகுதியை இழுத்துவிடும் ‘டக்’கென்ற ஓசை எழும்போதெல்லாம் அவர் வீட்டுச் சன்னல் சாத்தப்படுவதை நண்பர் சில வாரங்கள் கழித்தே கவனித்தார். அதன்பின் அவர் அந்த வேலையை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டார்.

2024 நவம்பரில், தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது. கொண்டுபோன அன்று காலையிலும் நண்பர் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கூட்டை எடுத்து, மேற்பகுதியை இருமுறை இழுத்துப் பார்த்தார். வெறுமையாகத்தான் இருந்தது.