நொடியின் கூறுகளுக்குத் தமிழில் பெயரில்லையா?

அளவை அறியாதவன் பொருளை அறியான். அளவைக்குரிய பெயரின் பொருள் அறியாதவன் அளவையையே அறியான்.

கண்ணை ஒருமுறை இமைக்கும் பொழுதையும் கைவிரலை ஒருமுறை நொடிக்கும் பொழுதையும் எழுத்தொலிக்கு அளவாகக் காட்டியது தொல்காப்பியம். மாத்திரை என்பது அவ்வளவின் பெயர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்திற்குக் கால் என அது பகுக்கப்பட்டது. இமைப்பொழுதையே நான்காகக் கூறிட்டுக் கேட்ட செவி, தமிழனின் செவி! அவ்வினத்துப் பிள்ளைகள் இன்று நொடியின் நுண்கூறுகளைக் கணக்கிடப் புகுங்கால் மில்லி, மைக்குரோ, நானோ, பிக்கோ எனப் பொருள் விளங்கா ஒலிகளை உருப்போடுகின்றனர். எது பெரிது, எது சிறிது, எதற்கு எத்தனை சுழி என்பதை அப்பெயர்கள் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஒரு படி தவறினால் விடை ஆயிரம் மடங்கு தவறுகின்றது.

அத்தவறு ஏட்டளவில் நிற்பதன்று. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். மைக்குரோ நொடியில் 300 மீட்டர். நானோ நொடியில் ஏறத்தாழ ஓரடி. அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த கணிப்பொறி அறிஞர் கிரேசு ஆப்பர், ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித்துண்டுகளைக் கேட்போர் கையில் கொடுத்து, நானோ நொடி என்பது இவ்வளவே என விளக்கினார். கடலோடிகளுக்கு இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்குரோ நொடி விரைந்தோடும். அதனைத் திருத்தாவிடின் ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை நேரும். அந்த 38-ஐ நானோ எனப் பிறழக் கொண்டால் பிழை 11 மீட்டராகத் தோன்றும். மில்லி எனக் கொண்டால் 11,000 கிலோமீட்டராகத் தோன்றும். எண் ஒன்றே, பெயர்தான் வேறு. பெயர் மயங்கினால் கணக்கே கவிழும்.

மயக்கம் நொடியின் பெயரிலேயே தொடங்கிவிட்டது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 மணித்துளி. நாழிகையை அறுபதாகப் பகுத்தால் வருவது 24 நொடி. பஞ்சாங்கம் எனப்படும் ஐந்திறன் ஏடுகள் இந்த 24 நொடிப் பொழுதையே விநாடி என்கின்றன. பள்ளிப் பாடமோ ஒரு நொடியையே விநாடி என்கின்றது. ஒரே சொல்லுக்கு இருபத்துநான்கு மடங்கு வேறுபட்ட ஈரளவுகள்! நொடி என்னும் தமிழ்ச்சொல்லை ஆண்டால் இம்மயக்கம் இல்லை. பண்டு விரல் நொடிப்பைக் குறித்த அச்சொல், இன்று வரையறுத்த அளவைக்குப் பெயராய் நிலைத்துவிட்டது. அவ்வளவையோ, சீசியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகளின் பொழுது என 1967-இல் உறுதிசெய்யப் பெற்றது.

இனி, உலகம் வழங்கும் நுண்ணளவுப் பெயர்கள் வானத்திலிருந்து விழுந்தவையா? மில்லி என்பது இலத்தீனில் ஆயிரம். மைக்குரோ கிரேக்கத்தில் சிறிது. நானோ அம்மொழியில் குள்ளன். 1964-இல் சேர்ந்த பெம்டோவும் அட்டோவும் தென்மார்க்கு மொழியில் பதினைந்து, பதினெட்டு என்னும் எண்ணுப் பெயர்களிலிருந்து பிறந்தவை. ஏறத்தாழ அறுபது நூறாயிரம் மக்களே வாழும் நாட்டின் தெருச்சொற்கள் அறிவியலின் அளவைகளாயின! 2023-இல் அகோசுதினி, கிரவுசு, இலூயிலியர் ஆகிய மூவர்க்கு இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்தவை அட்டோ நொடி ஒளித்துடிப்புகள். ஒரு நொடிக்குள் அடங்கும் அட்டோ நொடிகளோ, அண்டம் தோன்றியது முதல் இன்றுவரை கழிந்த நொடிகளைப்போல் இருமடங்குக்கும் மிகுதி. அத்துணை நுண்மையைக் குறிக்கப் பதினெட்டு என்னும் எளிய எண்ணுச்சொல் போதியதாயிற்று.

தமிழரிடம் இத்தகைய கருவி இல்லையா? உண்டு. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே செல்லப் பழந்தமிழர் புதுப்பெயர் தேடித் திரியவில்லை. 'கீழ்' என்னும் ஒரே முன்னொட்டைச் சேர்த்துக் கீழரை, கீழ்க்கால், கீழ்முந்திரி என்றனர். முந்திரியின் 320-இல் ஒன்று கீழ்முந்திரி. அஃதாவது 1,02,400-இல் ஒன்று.

அம்முறையையே ஆயிரத்தின் படியாக மாற்றிக்கொண்டால் போதும். மில்லி நொடி முதற் கீழ்நொடி, மைக்குரோ இரண்டாங் கீழ்நொடி, நானோ மூன்றாங் கீழ்நொடி, பிக்கோ நான்கு, பெம்டோ ஐந்து, அட்டோ ஆறு. ஒரு நொடிக்கு எத்தனை கூறு என்பதைப் பெயரே சொல்லும்: படியெண்ணை மூன்றால் பெருக்க வருவது சுழிகளின் எண்ணிக்கை. 4,500 மூன்றாங் கீழ்நொடியை ஒருபடி ஏற்றினால் 4.5 இரண்டாங் கீழ்நொடி. மேலும் இருபடி ஏற்றினால் 0.0000045 நொடி. உருப்போட வேண்டியது ஒன்றுமில்லை.

அனைத்துலக வழக்கினின்று தமிழன் ஒதுங்கிவிடுவானே என்பர் சிலர். குறியீடுகள் உலகப் பொதுவாகவே இருக்கட்டும். அவற்றை மாற்றச் சொல்வாரில்லை. பெயர் வேறு, குறியீடு வேறு. மேலும், 1991-இல் சேர்ந்த செப்டோவும் யோக்டோவும், 2022-இல் சேர்ந்த உரோண்டோவும் குவெக்டோவும் முறையே ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்னும் ஆயிரப் படியெண்களைத் தழுவியே அமைந்தவை. தமிழ் செல்லும் வழிக்கே உலக அளவையும் வந்து சேர்ந்துள்ளது!

சொல் இல்லாமையால் தாழ்ந்ததன்று தமிழ். இருந்த சொல்லை எடுத்தாளாமையால் தாழ்ந்தவன் தமிழன். பாடநூல் எழுதுவோர் இதனை எண்ணுக. ஆசிரியன்மார் கரும்பலகையில் எழுதிக் காட்டுக. நொடியைப் பிளக்கும் அறிவு தமிழ்ப் பிள்ளையின் நாவில் தமிழாகவே மலர்க!