மன்றம் வாழ மக்கள் வேண்டும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து, ரிப்பன் மாளிகைக்கு அருகில் நிற்பது விக்டோரியா பொதுமன்றம். பல்லாண்டுகள் அது பூட்டிக் கிடந்தது. புகைவண்டி அலுவலில் உழலும் நம்மனோர் அதன் செந்நிறச் சுவரைக் கண்டு கடந்ததுண்டு, உள்ளே நுழைந்ததில்லை. செப்பனிடப்பெற்று 2025 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பெற்றமை மகிழ்ச்சிக்குரியது.

சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அம்மன்றத்திற்கு 1883இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையார் அங்கு நாடகம் நடத்தினர். கூத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர் அவர்; பகலில் வேறு அலுவல் பார்த்து, மாலையில் வேடம் புனைந்தோர். கற்றோர் மேடையேறுதல் இழிவென்ற எண்ணம் தளர அவர்களே வழிசெய்தனர்.

ஆயினும், செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் மன்றமாகிவிடா. வாடகை எளியோர்க்கு எட்டாதெனின், அது வெளியே நின்று பார்க்கும் கட்டடமாகவே இருக்கும்.

கட்சால் அன்பர்களே! 1964ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் இலங்கையினின்று வந்து இரப்பர்த் தோட்டத்தில் வேரூன்றியவர் நாம். 2004 ஆழிப்பேரலையில் இத்தீவு இழந்தது கொஞ்சமன்று. பழம்பெரும் மாளிகை நம்மிடம் இல்லை. திருமணத்திற்கும் துக்கத்திற்கும் கூடும் வழக்கம் உண்டு. திங்களுக்கு ஒருநாள் நம் பிள்ளைகள் தமிழில் பேசவும் நடிக்கவும் கூடுவோமாக. கூரை பின்னர் வரும்.