சம்பள நேரத்தில் இரக்கம்

நல்ல மனம் கொண்ட பலர் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாரநாளெல்லாம் பிழைப்பு, ஞாயிற்றுக்கிழமை நற்காரியம். பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடுவார்கள். வெள்ளம் வந்தால் அரிசி மூட்டை அனுப்புவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியையும், பாடுபட்டுக் கற்ற திறமை முழுவதையும் எடுத்துக்கொள்வது வேலைதான். மிச்ச நேரமும் மிச்சப் பணமும் மட்டுமே இரக்கத்துக்கு என்றால், நம்மிடம் உள்ளதில் சிறந்தது அதற்குப் போய்ச் சேர்வதே இல்லை. பிறருக்கு உதவ வேண்டும் என்று உண்மையாக நம்புகிறவர் அதற்கான இடத்தைத் தன் வேலைக்குள்ளேயே தேட வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. கண்புரையால் வரும் பார்வையிழப்பைச் சிறிய அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம். ஆனாலும் இந்தியக் கிராமங்களில் எத்தனையோ பேர் பார்வையின்றியே காலம் தள்ளினார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களுடன் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர் அவர். அவருடைய மன உறுதியை எல்லோரும் புகழ்கிறார்கள். நாம் கற்க வேண்டியதோ, அவர் தன் இரக்கத்தை ஒரு வேலைமுறையாக மாற்றிய விதத்தை. பணம் கொடுக்கும் நோயாளிகளின் கட்டணத்திலிருந்து ஏழைகளின் சிகிச்சைச் செலவு ஈடுகட்டப்பட்டது. இருவகை நோயாளிகளுக்கும் அதே மருத்துவர்கள் முறை வைத்து அறுவை செய்தார்கள். பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள் இரண்டாண்டு பயிற்சி பெற்று, பரிசோதனையையும் ஆயத்த வேலைகளையும் கவனித்தார்கள். அதனால் மருத்துவரின் நேரம் அறுவைக்கே கிடைத்தது. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழைகள் வந்துவிட மாட்டார்கள், பேருந்துச் செலவும் சாப்பாடும்கூடத் தடைதான் என்று தெரிந்ததும் அவற்றுக்கும் ஏற்பாடு செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உள்விழி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸைத் தயாரித்தார்கள். இன்று அரவிந்த் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் அறுவைகள் நடக்கின்றன. ஒருவர் மனம் இளகும் நாளில் மட்டும் நடக்கிற உதவி இந்த அளவை எட்டியிருக்காது.

“அவர் மருத்துவர், நிறுவனத்தைத் தொடங்கியவர், மேலதிகாரி சொன்னதைச் செய்கிற எனக்கு அந்த உரிமை ஏது?” என்ற கேள்வி நியாயமானது. வெங்கடசாமியும் பல ஆண்டுகள் அரசு ஊழியராக இருந்தவர்தான். கிராமங்களில் கண் சிகிச்சை முகாம் நடத்தும் வழக்கத்தை அந்தப் பணியில் இருந்தபோதே வளர்த்துக்கொண்டார். அதிகாரமே இல்லாத வேலைக்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி ஆமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே வேலைதான். ஆனால் சிலர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள்; வேறு சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று கருதி, நோயாளிகளிடமும் அவர்களைப் பார்க்க வந்தவர்களிடமும் பேசினார்கள், அவர்களுடைய தேவையறிந்து வேலை செய்தார்கள். மேலிருந்து உத்தரவு வராமலே அவர்கள் தங்கள் வேலையின் எல்லையை விரித்துக்கொண்டார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சேவை என்ற பெயரைச் சொல்லியே செவிலியரையும் ஆசிரியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் குறைந்த கூலிக்கு வேலை வாங்குகிறார்கள். இரக்கத்தை வேலையோடு கலந்தால் சுரண்டுகிறவருக்குத்தானே லாபம்? இந்த அச்சம் அனுபவத்தில் விளைந்தது, அதை ஏற்கிறேன். ஆனால் தவறு இரக்கத்தில் இல்லை. அதன் செலவு முழுவதையும் எளியவர் தலையில் சுமத்துவதில் இருக்கிறது. அதனால்தான் தனிமனிதத் தியாகத்தைவிட வேலைமுறை முக்கியம் என்கிறேன். ஊழியருக்கு உரிய சம்பளமும் ஓய்வும் தராத நிறுவனம், வாசலில் எத்தனை பேருக்கு உதவினாலும், உள்ளே தன் கொள்கையை மீறிக்கொண்டிருக்கிறது. ஏமாற்றி விற்றால்தான் இலக்கை எட்ட முடியும் என்ற வேலைகளும் உண்டு. அங்கே பேசும் விதத்தை இனிமையாக்கிப் பயனில்லை. முடிந்தவர் விலகலாம், முடியாதவர் தன்னளவில் பொய் சொல்லாமல் இருக்கலாம்.

மற்றவர்கள் தொடங்க வேண்டிய இடம் அவரவர் மேசைதான். முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கிறவரை மூன்று முறை அலைய வைப்பது எந்தத் தாள் என்பது அந்தப் பிரிவு எழுத்தருக்குத் தெரியும். கடன் பத்திரத்தில் வாடிக்கையாளருக்குப் புரியாத வரி எது என்பது வங்கி ஊழியருக்குத் தெரியும். முதல் நாளிலேயே எல்லாத் தாள்களையும் பட்டியலிட்டுக் கொடுப்பதும், அந்த வரியைக் கையெழுத்துக்கு முன் விளக்கிச் சொல்வதும் அவர்கள் கையில் இருக்கின்றன. அவற்றைத் தினமும் செய்தால், ஆண்டுக்கு ஒருமுறை போடும் அன்னதானத்தைவிட அதிகம் பேரின் சுமை குறையும்.