விஷமுறிவு ஊசி: தோட்டத்தில் அல்ல, மருத்துவமனையில்!

விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களும் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களும் பாம்புக்குப் பக்கத்தில்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். கெடா, பெர்லிஸ் பக்கம் 'காப்பாக் போடோ' என்னும் குழிவிரியன் காய்ந்த சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். மிதித்தாலொழிய நகராது.

ஆகவே, "தோட்டத்து டிரஸ்ஸரிடமே விஷமுறிவு ஊசி இருக்கட்டும்" என்று நம் மக்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கோரிக்கை ஆபத்தானது.

இம்மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராகிறது. சிலருக்கு ஏற்றிய சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் சரியும். உடனே அட்ரினலின் கொடுக்க ஆள் வேண்டும். பாம்புக்கு ஏற்ற மருந்தும் வேண்டும். இந்தியப் பாம்புகளுக்கான மருந்தை நம்பி நம் குழிவிரியன் கடிக்கு வைத்தியம் செய்ய முடியாது. தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கும் மருந்தே இங்கு உதவுகிறது.

கடித்த எல்லாருக்கும் ஊசி தேவையில்லை. விஷம் ஏறாத கடியும் உண்டு. வீக்கம் பரவுகிறதா, இரத்தம் உறைகிறதா, இமை தொங்குகிறதா என்று பார்த்தே டாக்டர் முடிவெடுப்பார். "ஊசி போடவில்லையே" என்று சண்டை போடாதீர்கள். ஆனால் பார்த்த உடனே வீட்டுக்கு அனுப்பினால் விடாதீர்கள். குறைந்தது 24 மணி நேரம் கண்காணிக்கச் சொல்லுங்கள். 'ரெக்ஸ்' என்னும் விஷக்கடி நிபுணர் சேவையிடம் ஆலோசனை கேட்டார்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குரிய அதே அளவு மருந்துதான், பயப்பட வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது: இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மந்திரிப்பவரிடம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 999-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி அடிக்க வேண்டாம். எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

நிர்வாகம் செய்ய வேண்டியது: இரவோ பகலோ, மருத்துவமனைக்குப் போக வண்டியும் ஓட்டுநரும் தயாராக இருக்க வேண்டும். மண்டோர் துரையைத் தேடிப் போய் அனுமதி வாங்கும் வரை விஷம் காத்திருக்காது! வேலை நேரத்தில் கடித்தால் அது 'தலைவிதி' அல்ல, வேலையிட விபத்து. 1969 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டுக்கு வழியுண்டு. 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. மருத்துவச் சீட்டின் நகலை நீங்களும் பத்திரப்படுத்துங்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது: தோட்டங்கள் சூழ்ந்த மாவட்ட மருத்துவமனைகளில் அந்த வட்டாரப் பாம்புகளுக்கு ஏற்ற மருந்து தீராமல் இருக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்படுவது நோய் மட்டுமல்ல, அதற்கு ஆளாகும் உழைப்பாளியும்தான். அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "நடுராத்திரியில் பாம்பு கடித்தால், நம் தோட்டத்தில் வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது?"