டி.எஸ்.எச் 5.8, பீரியட்ஸ் சரியாக வரவில்லை: மாத்திரை உடனே தேவையா?

அக்கா மகளுக்கு 13 வயது. வயசுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பீரியட்ஸ் ஒரு முறை 25 நாளில் வருகிறது, அடுத்தது 50 நாளில். ஃபேமிலி குரூப்பில் லேப் ரிப்போர்ட்: டி.எஸ்.எச் 5.8, பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'ஹை'. கூடவே அக்காவின் வாய்ஸ் நோட், "தைராய்டாம், ஆயுசுக்கும் மாத்திரையாம்."

இப்படி ஒரு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். பதில் போடும் முன் அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

"இந்தியாவில் பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைபாடு" என்ற தலைப்பைப் படித்திருப்பீர்கள். சென்னை உட்பட 8 நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வின் கணக்கு அது. சரியாகச் சொன்னால் 10.95%. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் 18 வயதைத் தாண்டியவர்கள். 13 வயதுப் பெண்ணுக்கு அந்தச் சதவீதத்தைப் பொருத்த முடியாது.

அடுத்து அந்த 'ஹை'. ஆரோக்கியமானவர்களைப் பரிசோதித்து, நடுவில் வரும் 95% பேரின் அளவைத்தான் லேப்கள் 'நார்மல்' என்கின்றன. அதாவது, எந்த நோயும் இல்லாத 1,000 பேரை டெஸ்ட் செய்தாலும் சுமார் 25 பேர் மேல் எல்லையைத் தாண்டத்தான் செய்வார்கள். உடல் எடை கூடுதலாக இருந்தாலும் டி.எஸ்.எச் லேசாக ஏறும். டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச் மட்டும் 10-க்குக் கீழ் கூடியிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு, சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால் இறங்கியிருக்கும்.

பீரியட்ஸ் தள்ளிப்போவதற்கு இந்த வயதில் பெரும்பாலும் வேறு காரணம். மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் ஒருங்கிணைப்பு முழுசாக அமைய ஓரிரு வருஷம் பிடிக்கும். முதல் வருஷம் முன்னே பின்னே வருவது சகஜம். அதற்குப் பிறகும் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்புதான்.

அதற்காகத் தைராய்டைச் சும்மா விட்டுவிடவும் கூடாது. குறைபாடு கடுமையானால் புரோலாக்டின் ஏறி கருமுட்டை வெளியாவது தடைபடலாம்; ரத்தப்போக்கும் அதிகமாகலாம். டி.எஸ்.எச் 10-க்கு மேல், டி4 குறைவு, கழுத்தில் வீக்கம், உயரம் கூடாமல் நின்றுபோவது: இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். அவர் லெவோதைராக்சின் எழுதினால் பயப்பட வேண்டியதில்லை. உடம்பு தானே சுரக்க வேண்டிய ஹார்மோன்தான் அது.

சிக்கல், சாப்பிடும் விதத்தில். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். முடி உதிர்வுக்கு பயோட்டின் எடுத்தால் டெஸ்டுக்கு முன்பே சொல்லுங்கள், ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை. பீரியட்ஸ் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்துவதும், வரவில்லையே என்று கூட்டுவதும் வேண்டாம். டோஸ் அதிகமானாலும் பீரியட்ஸ் தடுமாறும், நெஞ்சு படபடக்கும்.

இப்போதைக்கு அக்காவிடம் கேட்க வேண்டியவை: டி4 எவ்வளவு? தைராய்டு ஆன்டிபாடி பார்த்தார்களா? திரும்ப எப்போது டெஸ்ட்? 90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வராமல் இருந்ததா, 7 நாளுக்கு மேல் ரத்தப்போக்கு நீடித்ததா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், தைராய்டு ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.