மனநோய்க்குப் புத்திமதி மருந்து ஆகுமா?

இரவில் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. இப்படி ஒரு பெண் சொன்னால், வீட்டில் என்ன நடக்கும்?

"வேலை இல்லாமல் இருந்தால் இப்படித்தான்" என்பார் மாமியார். "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்பார் கணவர். "வெள்ளிக்கிழமை கோவிலில் விளக்குப் போடு" என்பார் பக்கத்து வீட்டு அம்மாள். "உனக்கு என்ன குறை?" என்று அதட்டுவார் அண்ணன்.

நான்கு பேர், நான்கு புத்திமதி. "உனக்கு என்னம்மா செய்கிறது? உட்கார்ந்து சொல்" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை!

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அன்புக்குப் பஞ்சம் இல்லை. புத்திமதிக்கும் பஞ்சம் இல்லை. காது கொடுத்துக் கேட்பதற்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்க வந்ததே மனநல ஆலோசனை. அதைப் "பைத்தியத்துக்குச் செய்யும் வைத்தியம்" என்று ஒதுக்குவது பெரிய தவறு.

ஆலோசனை வேறு, அறிவுரை வேறு

"ஆலோசனை" என்ற சொல்லே பலரை ஏமாற்றிவிடுகிறது. "அவர் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்? அதைப் பெரியப்பாவே சொல்வாரே!" என்று நினைக்கிறார்கள்.

நல்ல ஆலோசகர் அதிகம் பேசமாட்டார். கேட்பார். குற்றம் சொல்லமாட்டார். "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று கட்டளை போடமாட்டார். சிக்கிய நூல்கண்டின் நுனியைக் கண்டுபிடிக்க உதவி செய்வார். பிரிக்க வேண்டியவர் நோயாளிதான்.

இதில் ஒரே வழி என்பது கிடையாது. பல வழிகள் உண்டு.

வியன்னா நகரத்து டாக்டர் சிக்மண்ட் பிராய்டு காட்டியது ஒரு வழி. மனதில் தோன்றுவதை எல்லாம் தடை இல்லாமல் பேச வைப்பது. சிறு வயதில் புதைந்துபோன துன்பத்தைத் தேடிப் பிடிப்பது. இதற்கு நாள் அதிகம் பிடிக்கும்.

அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் 1960-களில் வேறு வழி கண்டார். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. "என்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று ஒருவர் முடிவு கட்டிவிடுகிறார். அந்த நினைப்பு உண்மைதானா? அதற்குச் சாட்சி என்ன? இப்படிக் கேள்வி கேட்டு, தவறான நினைப்பைத் திருத்துவதே பெக்கின் முறை. பள்ளிக்கூடம்போல் வீட்டுப்பாடமும் உண்டு! பல பேருக்கு 12 முதல் 20 தடவை போனால் போதும்.

பயத்துக்கு இன்னொரு முறை இருக்கிறது. பஸ்சில் ஏறவே நடுங்குகிறவரை முதல் நாள் பஸ் நிலையத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு நிற்கும் பஸ்சில் உட்காரச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஸ்டாப் தூரம் பயணம். இப்படிப் படிப்படியாகப் பயம் விலகும்.

கணவன்-மனைவியையும் குடும்பத்தையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் முறையும் உண்டு.

எந்த முறை உயர்ந்தது என்று சண்டை போட வேண்டியது இல்லை. நோய்க்கும் ஆளுக்கும் தகுந்ததே உயர்ந்த முறை.

மாத்திரை எப்போது?

பேச்சு மட்டும் எல்லா நோயையும் தீர்த்துவிடாது. யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கிறது. எல்லாரும் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட நோய்களுக்கு மனநல டாக்டரின் மருந்து அவசியம். கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும் பேச்சும் சேர்ந்து நல்ல பலன் தரும். லேசான சோர்வுக்குப் பேச்சே போதுமானதாக இருக்கலாம்.

தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்தாலும் மனச்சோர்வு வரும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "நாலு நாள் சாப்பிட்டேன், கேட்கவில்லை" என்று தூக்கி எறிபவர்கள் உண்டு. "குணமாகிவிட்டது" என்று தாமாகவே நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து.

வேலூரும் ஏர்வாடியும்

1957-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் மனநல மையத்தைத் தொடங்கியது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கினார்கள். நோய் என்ன, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களும் கற்றுக்கொண்டார்கள். உறவே பாதி மருந்து என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இன்னொரு எடுத்துக்காட்டும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின!

சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. கோவிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோவிலுக்கும் போகலாம். அதற்காக டாக்டரிடம் போவதை நிறுத்தக்கூடாது.

இன்று சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

"கல்யாணம் நடக்காதே!"

மறைப்பதற்குப் பெற்றோர் சொல்லும் காரணம் இதுதான். "வெளியில் தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்?"

மறைத்தால் நோய் போய்விடுமா? சிறிதாக இருக்கும்போது சில மாதங்களில் தீரக்கூடியது, முற்றிய பிறகு பல ஆண்டுகள் வாட்டும். "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்பது அதைவிடக் கொடுமை. கல்யாணம் மருந்து அல்ல. அது இரண்டு குடும்பங்களைக் கண்ணீரில் தள்ளும்.

"செத்துவிடலாம்போல இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், "அபசகுனமாகப் பேசாதே" என்று வாயை அடைக்கக்கூடாது. "அப்படித் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுமை இறங்கும். அவரைத் தனியாக விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

பயப்பட ஒன்றும் இல்லை. தூக்கம், பசி, வேலை, குடும்பம், பழைய நோய் பற்றிக் கேட்பார்கள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். சொல்ல விருப்பம் இல்லாததை "இப்போது வேண்டாம்" என்று தள்ளி வைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, சொன்னது வெளியே போகாது.

நோயாளியும் கேள்வி கேட்கலாம். "என்ன படித்திருக்கிறீர்கள்? எந்த முறையில் வைத்தியம் செய்வீர்கள்? எத்தனை தடவை வரவேண்டும்? கட்டணம் எவ்வளவு?" இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெயர்ப்பலகை மாட்டியவர் எல்லாம் நிபுணர் அல்ல. மருந்து எழுதித் தருபவர் மனநல டாக்டர். பேச்சு முறையில் பயிற்சி பெற்றவர் உளவியல் நிபுணர்.

மூன்று, நான்கு தடவை போயும் மனம் ஒட்டவில்லையா? வேறு ஒருவரிடம் போகலாம். ஒரு செருப்பு கடித்தது என்பதற்காக யாரும் வெறுங்காலோடு நடப்பது இல்லை.

பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் 'டெலிமானஸ்' சேவை 2022-ம் ஆண்டில் தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

எப்போது போவது? சோர்வோ, பயமோ, தூக்கமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் போய்விட வேண்டும். தனியாகப் போகத் தயங்குபவருக்குத் துணையாக வீட்டில் ஒருவர் போகவேண்டும்.

போகும் வழியில் புத்திமதி மட்டும் சொல்லக்கூடாது!