சுண்ணாம்புக் கல்லும் சலவைக் கல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணறு வெட்டுவதைப் பார்த்து நின்றோர் ஒன்றைக் கவனித்திருப்பர். செம்மண் நீங்கியதும் வெண்ணிறக் கல் தோன்றும். அதை உடைத்துப் பார்த்தால் சிப்பி, சங்கு, பவளம் ஆகியவற்றின் வடிவங்கள் சில வேளைகளிற் புலப்படும். வீட்டு முற்றத்தின் கீழே கடற்சிப்பி வந்து சேர்ந்ததெவ்வாறு?

ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் எனப்படும் காலத்தில், இந்நிலம் ஆழமற்றதொரு கடலின் அடியிற் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் அடித்தளத்திற் படிந்தன. படையின் மேற் படை ஏறியது. மேற்படைகளின் பாரத்தினாற் கீழ்ப்படைகள் நெருக்குண்டு நீரை வெளியேற்றின. நீரிற் கரைந்திருந்த சுண்ணம் துணிக்கைகளின் இடையே சாந்து போல உறைந்து அவற்றைப் பிணைத்தது. இவ்வாறு தோன்றியதே எமது சுண்ணாம்புக்கல். ஆறுகள் கொணர்ந்த மணல் மணற்கல்லாவதும் களிமண் மாக்கல்லாவதும் இம்முறையிலேயே. இவற்றை அடையற் பாறைகள் என்பர்.

அடையற் பாறை மேலும் ஆழத்திற் புதைந்து கடும் வெப்பத்துக்கு ஆளானால் என்னாகும்? ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் எடின்பரோ அறிஞர் சபையின் முன் தமது கொள்கையை வெளியிட்டார். பூமியினுள் உள்ள வெப்பமே பாறைகளை இறுக்கி மாற்றுகின்றது என்பது அவர் கருத்து.

இதற்கு வலிய தடையொன்று எழுந்தது. சுண்ணாம்புச் சூளையைக் கண்ட எவரும் அத்தடையை எழுப்பலாம். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு பறந்துவிடுகின்றது. எஞ்சுவது நீர் பட்டாற் பொடியாகும் சுண்ணாம்பே. அவ்வாறாயின், பூமியின் வெப்பம் சலவைக் கல்லை ஆக்கியதெங்ஙனம்? மேலுள்ள பாரம் வாயுவை வெளியேற விடாது தடுக்கும் என்றார் ஹட்டன்.

அவருடைய நண்பராகிய சேர் ஜேம்ஸ் ஹோல் இதைச் சோதித்தறிய விரும்பினார். ஆனால், பூமியின் பெருஞ் செயல்களைச் சிற்றுலையிற் காண முயல்வதை ஹட்டன் விரும்பவில்லை. பெரியவரின் மனம் நோகலாகாதென ஹோல் காத்திருந்தார். 1797இல் ஹட்டன் மறைந்தபின், சுண்ணாம்புக் கற்பொடியைத் துப்பாக்கிக் குழல்களில் அடைத்து, வாயை இறுக மூடி, உலையிலிட்டுக் காய்ச்சினார். குழல்கள் பல வெடித்துச் சிதறின. அவர் சலியாது ஆண்டுக் கணக்கிற் சோதனைகள் செய்து, 1805இல் முடிவை அறிவித்தார். வாயு வெளியேறாத குழல்களிற் பொடி நீறாகவில்லை. இறுகிக் கல்லாயிற்று, சில சலவைக் கல்லை ஒத்திருந்தன. ஹட்டன் கூறியது சரியென நிலைநாட்டப்பட்டது.

அக்குழலினுள் நிகழ்ந்தது எமது மலைநாட்டிலே பேரளவில் நிகழ்ந்துள்ளது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது, இங்குள்ள பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் அமிழ்ந்து 800 பாகை செல்சியசு அளவு வெப்பத்தைத் தாங்கின. சுண்ணக்கல் உருகாமலே, திண்மமாக இருந்தபடியே, அதன் நுண்மணிகள் பெரும் படிகங்களாக வளர்ந்தன. மணற்கல் குவாட்சைற்று ஆயிற்று. இவை உருமாறிய பாறைகள். மேலே கிடந்த பாறைகள் காலப்போக்கில் அரிக்கப்பட்டமையால், மாத்தளை, திகன முதலிய இடங்களில் இன்று அச்சலவைக் கல் வெளியே தெரிகின்றது. அதில் மகனீசியமும் கலந்துள்ளது. அதிற் சிப்பியைத் தேடிப் பயனில்லை. அச்சுண்ணம் கடலிற் படிந்த காலத்திற் சிப்பிப் பிராணிகளே தோன்றவில்லை.

எமது குடாநாட்டுக் கல் அத்தகைய நெருக்குதலைக் காணவில்லை. ஆதலின் அதில் நுண்டுளைகளும் வெடிப்புகளும் குகைகளும் உள. மாரிமழை அவற்றினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. ஆறில்லாத குடாநாட்டுக்கு இக்கல்லே நீர்த்தொட்டி. சலவைக் கல்லாகியிருந்தால் அழகாயிருக்கும். ஆனால் இவ்வளவு நீரைத் தாங்கியிராது.

இத்தொட்டியின் கணக்குக் கடுமையானது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைப்பின், கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும். பொறியிட்டு வரம்பின்றி இறைப்போரும், கல்லை ஆழமாக அகழ்வோரும் இக்கணக்கை மறத்தலாகாது. இரண்டு கோடி ஆண்டுகளில் அமைந்த தொட்டியை உவராக்க ஒரு தலைமுறை போதும்.